செயலிக்கு லாகின் அமைப்பது எப்படி: முதல் முறை செய்பவர்களுக்கு

இரண்டு பெட்டிகள், ஒரு பொத்தான். லாகின் பக்கத்தில் கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். ஒரு மதியப் பொழுதில் அதைச் செய்து முடித்துவிடலாம். ஆனால் ஒருவரின் கணக்குக்குள் போக அந்தப் பக்கம் மட்டுமா வழி? 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்ற இணைப்பு இருக்கிறது. பிரவுசரில் தங்கியிருக்கும் குக்கீ இருக்கிறது. மின்னஞ்சல் முகவரியை மாற்றும் பக்கம் இருக்கிறது. கூகுள் மூலம் நுழையும் பொத்தான் இருக்கலாம், நிர்வாகி மற்றவர்களின் கணக்கைத் திறந்து பார்க்கும் வசதி இருக்கலாம். திருட வருபவர் இவற்றில் எது லேசோ அதில்தான் கை வைப்பார். அதனால் இங்கே லாகின் படிவத்துக்குக் குறைவான இடமும் மற்ற வழிகளுக்கு நிறைய இடமும் கொடுத்திருக்கிறேன்.

ஒரு வலைச் செயலியை ஓரளவு எழுதத் தெரிந்தவர், டேட்டாபேஸில் ஓர் அட்டவணையை உருவாக்கத் தெரிந்தவர் என்று உங்களை வைத்துக்கொள்கிறேன். நிரல் வரிகள் எதுவும் தரவில்லை. பைத்தானோ பிஎச்பியோ ஜாவாவோ, வேலை செய்யும் வரிசை ஒன்றுதான்.

எதை நீங்களே எழுதக் கூடாது

கடவுச்சொல்லை ஹாஷ் செய்வது (திரும்பப் படிக்க முடியாத வேறொரு எழுத்துத் தொடராக மாற்றுவது), கணிக்க முடியாத எண்ணை உருவாக்குவது, இரண்டு ரகசியங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது: இந்த மூன்றுக்கும் சொந்தமாக நிரல் எழுத வேண்டாம். பல ஆண்டுகள் பலர் அலசிய லைப்ரரிகள் எல்லா மொழிகளிலும் இருக்கின்றன.

உங்கள் ஃபிரேம்வொர்க்கில் லாகின் வசதி கூடவே வருகிறதா என்று முதலில் பாருங்கள். ஜாங்கோவில் பயனர், செஷன் (உள்ளே வந்தவரை நினைவில் வைக்கும் பதிவு), கடவுச்சொல் மீட்பு எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. லாராவெலுக்கும் ஸ்பிரிங்குக்கும் அவற்றுக்கென்றே தொகுப்புகள் உண்டு. ரெயில்ஸ் 8-ஆம் பதிப்பிலிருந்து ஒரே கட்டளையில் அடிப்படைக் கோப்புகள் கிடைத்துவிடுகின்றன. எக்ஸ்பிரஸ் போன்ற சின்ன ஃபிரேம்வொர்க் என்றால் ஒவ்வொரு பகுதியையும் நீங்களே தேர்ந்தெடுத்துச் சேர்க்க வேண்டும். அங்கேதான் தவறு நடக்க வாய்ப்பு அதிகம். ஜாங்கோவில் தொடங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: இப்போது தேவை இல்லை என்று தோன்றினாலும், முதல் நாளே உங்களுக்கென்று தனிப் பயனர் மாடல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். திட்டம் பாதி வளர்ந்த பிறகு அதை மாற்றுவது பெரும் வேலை.

ஆத்0, ஃபயர்பேஸ் போன்ற வெளிச் சேவைகளும் உண்டு. கீக்ளோக்கை உங்கள் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம். இவற்றைத் தேர்ந்தெடுப்பதில் எந்தத் தவறும் இல்லை. சேருவதற்கு முன் ஒன்றை மட்டும் விசாரித்துவிடுங்கள்: பிற்பாடு வெளியேற நினைத்தால், பயனர்களின் கடவுச்சொல் ஹாஷ்களைக் கையில் கொடுப்பார்களா? கொடுக்காவிட்டால் மாறுகிற நாளில் அத்தனை பேரையும் புதுக் கடவுச்சொல் வைக்கச் சொல்ல வேண்டி வரும்.

எந்த வழியில் போனாலும் கீழே சொல்லும் ஒவ்வொன்றும் உள்ளே எங்கோ நடக்கிறது. அது சரியாக நடக்கிறதா என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அட்டவணைகள்

பயனர் அட்டவணையில் ஓர் அடையாள எண், மின்னஞ்சல், அது அவருடையதுதான் என்று உறுதியான நேரம், கடவுச்சொல் ஹாஷ், கணக்கு தொடங்கிய நேரம். இவை போதும். மின்னஞ்சலை முதன்மைச் சாவியாக வைக்காதீர்கள், ஆட்கள் முகவரியை மாற்றுவார்கள். ஒரே முகவரியில் இரண்டு கணக்கு வரக் கூடாது என்ற விதியை நிரலில் மட்டும் வைத்தால் போதாது, டேட்டாபேஸிலேயே யூனிக் இண்டெக்ஸ் போடுங்கள். ஒரே நொடியில் இரண்டு கோரிக்கைகள் வந்தால் நிரலில் உள்ள சோதனையை இரண்டுமே தாண்டிவிடும். முகவரியைச் சிறிய எழுத்துக்கு மாற்றிச் சேமித்தால் குழப்பம் குறையும்.

செஷன்களுக்குத் தனி அட்டவணை, ஒருமுறை மட்டும் பயன்படும் டோக்கன்களுக்கு (மீட்பு இணைப்பில் வருவது போன்ற ரகசியக் குறியீடுகளுக்கு) தனி அட்டவணை. கூகுள் போன்ற வெளி லாகின் வரப்போகிறது என்றால் அதற்கும் ஒன்று. எல்லாவற்றையும் பயனர் அட்டவணையிலேயே திணித்தால் இரண்டாவது சாதனத்தில் ஒருவர் நுழைந்ததுமே தலைவலி ஆரம்பமாகும்.

கடவுச்சொல்லைச் சேமிப்பது

2009-இல் ராக்யூ என்ற நிறுவனத்தின் டேட்டாபேஸ் களவுபோனது. உள்ளே 3.2 கோடி கடவுச்சொற்கள் அப்படியே, படிக்கிற மாதிரி கிடந்தன. 2012-இல் லிங்க்ட்இன் கசிவில் ஹாஷ் இருந்தது, ஆனால் அது சால்ட் சேர்க்காத ஷா-1 என்ற வேகமான ஹாஷ் முறை (சால்ட் என்ன என்று கீழே சொல்கிறேன்). முதலில் சுமார் 65 லட்சம் ஹாஷ்கள் வெளியே வந்தன. 2016-இல் பார்த்தால் எண்ணிக்கை 11 கோடியைத் தாண்டியிருந்தது. 2013-இல் கசிந்த அடோபி கடவுச்சொற்கள் ஹாஷ் செய்யாமல் என்கிரிப்ட் செய்தவை, அதாவது சாவி இருந்தால் திரும்பப் படிக்கலாம். ஒரே கடவுச்சொல் வைத்திருந்த எல்லோருக்கும் ஒரே விடை வந்ததால், பக்கத்தில் பயனர்கள் எழுதி வைத்திருந்த நினைவுக் குறிப்புகளைச் சேர்த்துப் படித்தே பலவற்றை ஊகித்துவிட்டார்கள்.

இந்த மூன்றிலிருந்தும் எடுத்துக்கொள்ள வேண்டியது இருக்கிறது. திரும்பப் படிக்க முடியாத ஹாஷ் வேண்டும். ஒவ்வொரு பயனருக்கும் வேறு வேறு சால்ட் வேண்டும். சால்ட் என்பது ஹாஷ் செய்யும் முன் சேர்க்கும் தற்செயல் துணுக்கு, அது இருந்தால் ஒரே கடவுச்சொல்லுக்குக்கூட இரண்டு பேருக்கு இரண்டு விடை வரும். அப்புறம், அந்த ஹாஷ் மெதுவானதாக இருக்க வேண்டும். ஷா-256 நல்ல ஹாஷ்தான், ஆனால் வேகமாக ஓடுவதற்கென்றே செய்தது. நல்ல கிராஃபிக்ஸ் அட்டை ஒன்று அதை நொடிக்குப் பல நூறு கோடி முறை கணக்கிட்டுப் பார்க்கும். அந்த வேகத்தில் எட்டு எழுத்துக் கடவுச்சொற்கள் தாங்காது.

மெதுவான ஹாஷ்களில் இன்று முதலில் எடுக்க வேண்டியது ஆர்கான்2ஐடி. 2015-இல் கடவுச்சொல் ஹாஷ்களுக்காக நடந்த போட்டியில் வென்றது ஆர்கான்2 குடும்பம். அது நேரத்தோடு நினைவகத்தையும் தின்கிறது, அதனால் ஆயிரக்கணக்கில் ஒரே சமயத்தில் ஓட்டிப் பார்ப்பது தாக்குபவருக்குச் செலவாகிவிடுகிறது. வலைச் செயலிப் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பு சொல்லும் குறைந்தபட்ச அளவுகளில் ஒன்று: 19 மெபிபைட் நினைவகம், 2 சுற்று, 1 இழை. அங்கிருந்து தொடங்கி, உங்கள் சர்வரில் ஒரு சரிபார்ப்புக் கால் நொடி அளவுக்கு வரும்வரை ஏற்றிப் பாருங்கள். பயனருக்கு அந்தத் தாமதம் தெரியவே தெரியாது.

1999-இல் வந்த பிகிரிப்டும் இன்னும் நம்பகமானதுதான். அது தரும் விடையை ஒருமுறை திரையில் அச்சிட்டுப் பாருங்கள். மொத்தம் 60 எழுத்து. டாலர் குறிகளுக்கு நடுவே முதலில் பதிப்பு, அடுத்து 12 என்பது போல ஒரு செலவு எண். அதன்பின் வரும் 22 எழுத்துகள் சால்ட், கடைசி 31 எழுத்துகள் ஹாஷ். சால்ட்டுக்குத் தனிப் பத்தி தேவையில்லை என்பது பார்த்ததுமே புரிந்துவிடும். செலவு எண் ஒன்று கூடினால் வேலை இரண்டு மடங்காகும். கணினிகள் வேகமாக ஆக, எண்ணை ஏற்றிக்கொண்டே போகலாம்: பயனர் அடுத்த முறை சரியான கடவுச்சொல்லோடு வரும்போது பழைய எண்ணைக் கவனித்து, புதிய எண்ணில் ஹாஷ் செய்து மாற்றி வைத்துவிடுங்கள்.

பிகிரிப்டில் ஓர் எல்லை உண்டு. முதல் 72 பைட்டை மட்டும்தான் அது பார்க்கும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் அங்கே பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. தமிழில் அப்படி இல்லை. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், அதாவது புள்ளிக்கும் காலுக்கும் கொம்புக்கும்கூடத் தனித்தனியே 3. 'நிலா நீலம் கடல் காற்று மேகம்' என்று ஒருவர் ஐந்து சொல்லில் கடவுச்சொல் வைக்கிறார் என்று எடுத்துக்கொள்வோம். இடைவெளிகளையும் சேர்த்து 76 பைட். கடைசி 4 பைட் வெட்டுப்படும், அதில் இறுதிப் புள்ளி முழுக்கப் போய்விடும், அதற்கு முந்தைய 'ம' எழுத்தின் மூன்றாவது பைட்டும் போய்விடும். 'ம'வுக்கும் 'ன'வுக்கும் முதல் இரண்டு பைட் ஒன்றே. ஆக, கடைசிச் சொல்லை 'மேகன்' என்று அடித்தாலும் உள்ளே விட்டுவிடும்! சில லைப்ரரிகள் இப்படிச் சத்தமில்லாமல் வெட்டும், சில பிழை காட்டி நிறுத்தும். உங்களுடையது எந்த ரகம் என்று சோதித்துவிடுங்கள். இது ஏட்டளவுச் சிக்கல் என்று நினைக்க வேண்டாம். பயனர் எண், பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றையும் ஒட்டி பிகிரிப்டில் போட்டதால், 52 எழுத்தோ அதற்கு மேலோ நீளமான பயனர் பெயர் உள்ளவர்கள் சில சூழ்நிலைகளில் கடவுச்சொல்லே இல்லாமல் நுழைய முடிந்தது என்று ஆக்டா நிறுவனம் 2024-இல் அறிவித்தது. ஆர்கான்2ஐடியில் இந்த எல்லை கிடையாது.

தமிழில் கடவுச்சொல் வைக்கிறவர்களுக்காக இன்னொன்றும் செய்ய வேண்டும். 'கொ' என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'க'வுக்குப் பின் ஒகரக் குறி ஒன்று, 6 பைட். அல்லது 'க', ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்று துண்டு, 9 பைட். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே, ஹாஷ் மட்டும் வேறு. விசைப்பலகை மாறினால் அடிக்கும் வடிவமும் மாறலாம். பயனர் சரியாகத்தான் அடிக்கிறார், செயலி தவறு என்கிறது. ஹாஷ் செய்யும் முன் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள ஒரே ஒரு வரி போதும். பதிவு செய்யும்போதும் லாகினிலும் அதே வரி இருக்க வேண்டும்.

கடவுச்சொல்லுக்கு என்ன விதி வைப்பது? பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, சிறப்புக் குறி ஒன்று என்று கேட்பதையும், 90 நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதையும் விட்டுவிடுங்கள். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-லேயே இவற்றைக் கைவிடச் சொல்லிவிட்டது. 2025-இல் வந்த அதன் புதிய பதிப்பு, கடவுச்சொல் ஒன்றை மட்டும் நம்பும் இடங்களில் குறைந்தது 15 எழுத்து கேட்கிறது. அதிகபட்சம் 64 எழுத்தாவது ஏற்க வேண்டும் என்கிறது. பெட்டியில் ஒட்டுவதைத் தடுக்காதீர்கள், கடவுச்சொல் மேலாளர் வைத்திருப்பவர்களுக்கு அது அவசியம். ஏற்கெனவே கசிந்த கடவுச்சொற்களை மறுத்துவிடுங்கள். ஹேவ் ஐ பீன் போன்ட் தளத்தின் பட்டியலில் தேடலாம். கடவுச்சொல்லின் ஷா-1 ஹாஷில் முதல் 5 எழுத்தை மட்டும் அனுப்பினால், அப்படித் தொடங்கும் எல்லா ஹாஷ்களையும் அது திருப்பித் தரும், மிச்ச ஒப்பீட்டை உங்கள் சர்வரிலேயே செய்துகொள்ளலாம். கடவுச்சொல் உங்களிடமிருந்து வெளியே போவதே இல்லை.

லாகின் கோரிக்கை வந்ததும்

ஒரு கோரிக்கையைப் பின்தொடர்ந்து போவோம். மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் ஹெச்டிடிபிஎஸ் வழியே வருகின்றன. முதலில் எண்ணிக்கைச் சோதனை: இந்தக் கணக்குக்கும் இந்த ஐபி முகவரியிலிருந்தும் சமீபத்தில் எத்தனை தவறான முயற்சிகள்? அளவு தாண்டியிருந்தால் சற்றுப் பொறுத்து வரச் சொல்லித் திருப்பி அனுப்பவும். அடுத்து, மின்னஞ்சலைத் தேடவும். கிடைத்தால் ஹாஷைச் சரிபார்க்கவும். கிடைக்காவிட்டால்?

இந்த இடத்தைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். ஆள் இல்லை என்றதும் உடனே பதில் அனுப்பினால் 5 மில்லிநொடியில் போய்விடும், ஆள் இருந்தால் ஹாஷ் கணக்கிட 250 மில்லிநொடி ஆகும். நேரத்தை அளந்தே, எந்த முகவரிக்குக் கணக்கு இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். ஆகவே ஆள் இல்லாதபோதும் ஒரு போலி ஹாஷை எடுத்துச் சரிபார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். இரண்டு நேரத்திலும் ஒரே வாசகம்: 'மின்னஞ்சலோ கடவுச்சொல்லோ பொருந்தவில்லை.'

ஐந்து முறை தவறினால் கணக்கை நிரந்தரமாகப் பூட்டுவது நல்ல யோசனை போலத் தெரியும். உண்மையில் யார் வேண்டுமானாலும் உங்கள் பயனரை வெளியே நிறுத்த அது வழி செய்துவிடும். தவறு கூடக் கூடக் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டுவதே மேல். இன்னொரு வகைத் தாக்குதலில் எண்ணிக்கைச் சோதனையே பெரிதாக உதவாது: வேறு தளங்களில் கசிந்த மின்னஞ்சல், கடவுச்சொல் ஜோடிகளை எடுத்து, ஆயிரக்கணக்கான ஐபிகளிலிருந்து கணக்குக்கு ஒரே ஒரு முறை முயன்று பார்ப்பார்கள். அங்கே காப்பாற்றுவது மேலே சொன்ன கசிவுப் பட்டியல் சோதனையும், பின்னால் வரும் இரண்டாம் அடுக்கும் (கடவுச்சொல்லுக்குப் பிறகு கேட்கும் இன்னொரு சான்று).

செஷன்: உள்ளே வந்தவரை நினைவில் வைப்பது

கடவுச்சொல் சரி. இப்போது சர்வர் ஒரு புதுச் செஷன் அடையாளத்தை உருவாக்கி, பிரவுசருக்குக் குக்கீயாக அனுப்புகிறது. இனி இந்தக் குக்கீ யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அந்தப் பயனர். கடவுச்சொல்லுக்கு எவ்வளவு கவனம் கொடுத்தீர்களோ அவ்வளவும் இதற்கும் வேண்டும்.

அடையாளம் 128 பிட் தற்செயல் எண்ணாக இருக்கட்டும், அதுவும் பாதுகாப்புக்கென்று இருக்கும் தற்செயல் எண் உருவாக்கியிலிருந்து. விளையாட்டில் பகடை உருட்டப் பயன்படுத்தும் சாதாரண ரேண்டம் செயற்கூறு இங்கே வேண்டாம், அதன் அடுத்த எண்ணைக் கணிக்க முடியும். டேட்டாபேஸில் அந்த அடையாளத்தை அப்படியே வைக்காமல் அதன் ஷா-256 ஹாஷை வையுங்கள். டேட்டாபேஸின் நகல் ஒன்று வெளியே போனாலும் யாருடைய செஷனும் பறிபோகாது. கடவுச்சொல்லுக்கு வேண்டாம் என்ற வேகமான ஹாஷ் இங்கே மட்டும் எப்படிச் சரி? 128 பிட் தற்செயல் எண்ணை எந்த வேகத்திலும் ஊகித்து முடிக்க முடியாது. மனிதர் தேர்ந்தெடுக்கும் சொல்லுக்குத்தான் மெதுவான ஹாஷ் தேவை.

குக்கீக்கு மூன்று பண்புகள் கட்டாயம். ஹெச்டிடிபிஒன்லி இருந்தால் பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்டால் அதைப் படிக்க முடியாது. செக்யூர் இருந்தால் ஹெச்டிடிபிஎஸ் இல்லாத இணைப்பில் போகாது. சேம்சைட்டை லேக்ஸ் என்று வைத்தால், வேறு தளத்திலிருந்து படிவம் அனுப்பி உங்கள் பயனரின் பெயரில் காரியம் செய்ய முயல்பவர்களைப் பெருமளவு தடுக்கும். ஆனால் ஃபிரேம்வொர்க் தரும் படிவ டோக்கனை அதற்காக நிறுத்திவிட வேண்டாம். எதையும் மாற்றும், அழிக்கும் வேலைகள் கெட் கோரிக்கையில் நடக்கக் கூடாது. செக்யூர் எதற்கு இவ்வளவு முக்கியம் என்பதற்கு 2010-இல் வந்த ஃபயர்ஷீப் என்ற ஃபயர்பாக்ஸ் நீட்சியே சாட்சி. பொது வைஃபையில் பக்கத்தில் இருப்பவரின் ஃபேஸ்புக், ட்விட்டர் குக்கீகளைப் பிடித்து, ஒரு சொடுக்கில் அவராகவே நுழைய வைத்தது. லாகின் பக்கம் மட்டும் என்கிரிப்ட் ஆகி, மற்ற பக்கங்கள் திறந்து கிடந்ததுதான் காரணம்.

குக்கீயைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். குரோமில் டெவலப்பர் கருவிகளைத் திறந்து அப்ளிகேஷன் பகுதிக்குப் போங்கள், ஃபயர்பாக்ஸில் ஸ்டோரேஜ். உங்கள் குக்கீக்கு நேரே இந்த மூன்று பண்புகளும் தெரிய வேண்டும். லாகினுக்கு முன் இருந்த அடையாளமும் பின் இருக்கும் அடையாளமும் வேறாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒன்றாகவே இருந்தால், தான் அறிந்த அடையாளத்தை முன்கூட்டியே ஒருவர் தலையில் கட்டி, அவர் லாகின் ஆனதும் அதே அடையாளத்தில் பின்னால் நுழைந்துவிடலாம்.

வெளியேறு பொத்தானை அழுத்தும்போது குக்கீயை மட்டும் அழித்தால் போதாது, சர்வரில் உள்ள செஷன் வரிசையையும் நீக்க வேண்டும். 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்ற பொத்தானும் வையுங்கள். தனி அட்டவணை இருப்பதால் அதற்கு ஒரே ஒரு கட்டளைதான் ஆகும்.

ஜேடபிள்யூடி (ஜேசன் வெப் டோக்கன்) பற்றி நிச்சயம் கேட்பீர்கள். இணையத்தில் பாதிப் பாடங்கள் அதில்தான் தொடங்குகின்றன. அது கையெழுத்திட்ட ஒரு துண்டுத் தகவல். சர்வர் டேட்டாபேஸைப் பார்க்காமலே அதை நம்பலாம் என்பது அதன் வசதி. அதே காரணத்தால், காலாவதி ஆகும்வரை அதை ரத்து செய்ய முடியாது என்பது அதன் குறை. பயனரைத் தடை செய்தாலும் அவர் கையில் உள்ள டோக்கன் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பதை யாரும் படிக்கலாம், அது வெறும் பேஸ்64 எழுத்துதான். ஒரு சர்வர், ஒரு டேட்டாபேஸ், ஒரு வலைச் செயலி என்று இருக்கும்வரை உங்களுக்கு அது தேவையே இல்லை. பழைய குக்கீ செஷனே எளிது, பாதுகாப்பானது, இதை அழுத்தமாகவே சொல்கிறேன். பல சேவைகள் ஒன்றோடொன்று பேசும் அமைப்பு வந்து, ஜேடபிள்யூடி வேண்டியே ஆகிவிட்டால், ஆயுளைச் சில நிமிடங்களாக வைத்து, எந்தக் கையெழுத்து முறையை ஏற்பது என்பதைச் சர்வரிலேயே நிர்ணயித்துவிடுங்கள். டோக்கனே 'எனக்குக் கையெழுத்து இல்லை' என்று சொல்லி உள்ளே வந்த ஓட்டைகள் பழைய லைப்ரரிகளில் இருந்தன.

கடவுச்சொல் மறந்தவருக்கு

என்னைக் கேட்டால், மொத்த வேலையில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஏனென்றால் இது கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே விடும் வழி.

பயனர் மின்னஞ்சலைக் கொடுக்கிறார். கணக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் திரையில் ஒரே பதில்: 'இந்த முகவரிக்குக் கணக்கு இருந்தால் மின்னஞ்சல் வரும்.' மின்னஞ்சலை அந்த நேரத்திலேயே அனுப்பாமல் பின்னணி வேலையாக வரிசையில் போடுங்கள். இல்லாவிட்டால் இங்கேயும் நேர வித்தியாசம் காட்டிக்கொடுக்கும். டோக்கன் செஷனைப் போலவே 128 பிட் தற்செயல் எண், டேட்டாபேஸில் அதன் ஹாஷ் மட்டும். அரை மணி நேரம் செல்லும், ஒருமுறைதான் செல்லும். புதிதாக ஒன்று கேட்டால் பழையது செத்துவிட வேண்டும்.

இணைப்பில் வரும் டொமைன் பெயரை எங்கிருந்து எடுக்கிறீர்கள்? வந்த கோரிக்கையின் ஹோஸ்ட் தலைப்பிலிருந்து எடுத்தால் ஆபத்து. தாக்குபவர் அந்தத் தலைப்பில் தன் டொமைனைப் போட்டு, வேறொருவரின் மின்னஞ்சலுக்கு மீட்பு கேட்பார். உங்கள் சர்வர் உங்கள் பெயரிலேயே நல்ல மின்னஞ்சல் அனுப்பும், ஆனால் உள்ளே இருக்கும் இணைப்பு அவருடைய தளத்துக்குப் போகும். டோக்கன் அவர் கையில். டொமைனை எப்போதும் அமைப்புக் கோப்பிலிருந்து எடுங்கள்.

இணைப்பைத் திறந்ததுமே டோக்கனைப் 'பயன்படுத்தியாயிற்று' என்று குறித்துவிடாதீர்கள். பல அலுவலக மின்னஞ்சல் அமைப்புகள், பயனர் பார்க்கும் முன்பே இணைப்புகளைத் தானாகத் திறந்து வைரஸ் சோதனை செய்கின்றன. அவர் சொடுக்கும்போது 'இணைப்பு காலாவதியாகிவிட்டது' என்று வரும், அவர் மறுபடி கேட்பார், மறுபடி அதே கதி. புதுக் கடவுச்சொல்லை அனுப்பும் போஸ்ட் கோரிக்கையில்தான் டோக்கன் தீர வேண்டும். அந்தப் பக்கத்துக்கு ரெஃபரர் பாலிசியை நோ-ரெஃபரர் என்று வைத்துவிட்டால், முகவரியில் உள்ள டோக்கன் வெளித் தளங்களுக்குக் கசியாது.

மாற்றி முடித்ததும் அந்தப் பயனரின் எல்லாச் செஷன்களையும் அழியுங்கள். கணக்கு களவுபோய்விட்டது என்று பயந்து மாற்றுகிறவருக்கு இதுதான் வேண்டும், திருடர் பழைய குக்கீயோடு உள்ளேயே உட்கார்ந்திருந்தால் மாற்றி என்ன பயன்? 'உங்கள் கடவுச்சொல் மாற்றப்பட்டது' என்று ஒரு மின்னஞ்சலும் போகட்டும். மீட்பு முடிந்ததும் இரண்டாம் அடுக்கைத் தாண்டி நேரே உள்ளே விட்டுவிடக் கூடாது.

மின்னஞ்சலை மாற்றும் பக்கத்துக்கும் இதே அக்கறை வேண்டும். கடவுச்சொல்லை மறுபடி கேளுங்கள், புது முகவரியை உறுதி செய்த பிறகே மாற்றுங்கள், பழைய முகவரிக்குத் தகவல் அனுப்புங்கள். 'நீங்கள் படித்த பள்ளி எது' வகைக் கேள்விகளை வைக்கவே வேண்டாம். 2008-இல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினின் யாஹூ கணக்கைத் திறக்க, பொதுவெளியில் கிடைத்த விவரங்களே போதுமாக இருந்தன.

இரண்டாம் அடுக்கும் வெளி லாகினும்

ஆத்தென்டிகேட்டர் செயலிகள் காட்டும் 6 இலக்க எண் 2011-இல் வெளியான ஒரு பொதுத் தரத்தின்படி இயங்குகிறது. சர்வரும் கைபேசியும் ஒரே ரகசியத்தை வைத்துக்கொண்டு, நேரத்தை 30 நொடித் துண்டுகளாக வெட்டி, தனித்தனியே ஒரே எண்ணைக் கணக்கிடுகின்றன. கடிகாரம் சற்று விலகினாலும் ஏற்க, ஒரு துண்டு முன்னே பின்னே அனுமதியுங்கள். ஒருமுறை ஏற்ற எண்ணை மறுபடி ஏற்காதீர்கள். 6 இலக்கம் என்பது மொத்தம் பத்து லட்சம் வாய்ப்புதான், ஆகவே இங்கும் முயற்சி எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும். கைபேசி தொலைந்தவர்களுக்காக மீட்புக் குறியீடுகளை ஒருமுறை காட்டி, ஹாஷ் செய்து வையுங்கள். எஸ்எம்எஸ் ஓடிபி எதுவும் இல்லாததற்கு மேல், ஆனால் சிம்மை வேறொருவர் பெயரில் மாற்றி வாங்கிவிட்டால் அது போய்விடும்.

இவை எல்லாவற்றையும்விடப் பாஸ்கீ நல்லது, அதாவது கடவுச்சொல்லுக்குப் பதில் சாவியால் நுழைவது. ரகசியச் சாவி பயனரின் பக்கமே இருக்கிறது, உங்கள் சர்வரில் இருப்பது பொதுச் சாவி மட்டும். டேட்டாபேஸ் களவுபோனாலும் அதில் திருட ஒன்றும் இல்லை. போலித் தளத்தில் அது வேலையே செய்யாது, ஏனென்றால் சாவி உங்கள் டொமைனோடு கட்டப்பட்டிருக்கிறது. முதல் பதிப்பில் இல்லாவிட்டாலும் அடுத்ததில் சேர்க்கத் திட்டமிடுங்கள்.

கூகுள் மூலம் நுழைவதை வைத்தால், பயனரை மின்னஞ்சலால் அடையாளம் காணாதீர்கள், கூகுள் தரும் மாறாத பயனர் எண்ணால் அடையாளம் காணுங்கள். ஏற்கெனவே இருக்கும் கணக்கோடு இணைக்கும் முன், அந்தக் கணக்கின் மின்னஞ்சல் உறுதியானதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஒருவர் உங்கள் முகவரியில் முன்கூட்டியே கணக்கு தொடங்கிவிட்டுக் காத்திருப்பார். நீங்கள் கூகுள் வழியே வந்து சேர்ந்த பிறகும் அவர் வைத்த கடவுச்சொல் வேலை செய்யும்.

உள்ளே வந்தபின்

யார் என்று தெரிந்துவிட்டது. அவர் கேட்கும் பொருள் அவருடையதா என்பது ஒவ்வொரு கோரிக்கையிலும் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி. ரசீதின் முகவரி 1041 என்று முடிகிறது. அதை 1042 என்று மாற்றினால் அடுத்தவரின் ரசீது வருகிறதா? வலைச் செயலிகளில் மிக அதிகமாகக் காணப்படும் ஓட்டைகளில் இது ஒன்று. ரசீது எண்ணால் மட்டும் தேடாமல், ரசீது எண்ணும் உரிமையாளர் எண்ணும் சேர்ந்து பொருந்தும்படி தேடுங்கள். பொத்தானைத் திரையில் மறைத்து வைப்பது பாதுகாப்பு ஆகாது. சர்வர் தரும் பதில் எண் லாகின் இல்லாதவருக்கு 401, லாகின் இருந்தும் உரிமை இல்லாதவருக்கு 403 அல்லது 404.

வெளியிடும் முன்

இரண்டு பிரவுசர்களைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கடவுச்சொல்லை மாற்றுங்கள், மற்றதில் பக்கத்தைப் புதுப்பித்தால் வெளியே தள்ள வேண்டும். வெளியேறும் முன் குக்கீயை நகலெடுத்து வைத்து, வெளியேறிய பின் கையால் திரும்பப் போட்டுப் பாருங்கள், உள்ளே விடக் கூடாது. மீட்பு இணைப்பை இரண்டு முறை பயன்படுத்திப் பாருங்கள். இரண்டு கணக்குகளில் நுழைந்து, ஒன்றின் முகவரிகளை மற்றதில் ஒட்டிப் பாருங்கள். 'கொ', 'போ' வரும் தமிழ்க் கடவுச்சொல் ஒன்றைக் கணினியில் வைத்துவிட்டுக் கைபேசியில் நுழைந்து பாருங்கள்.

லாகின் வெற்றி, தோல்வி, கடவுச்சொல் மாற்றம், மின்னஞ்சல் மாற்றம் எல்லாவற்றையும் நேரத்தோடும் ஐபியோடும் லாகில் (சர்வரின் நிகழ்வுப் பதிவேட்டில்) பதியுங்கள். நாளைக்கு ஏதாவது நடந்தால் அதை வைத்துத்தான் தேட முடியும். கடவுச்சொல்லும் டோக்கனும் மட்டும் அதில் விழக் கூடாது. 2018-இல் ட்விட்டர் தன் 33 கோடி பயனர்களையும் கடவுச்சொல் மாற்றும்படி கேட்டுக்கொண்டது. ஹாஷ் செய்யும் முன்பே அவை உள் லாகில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தன. உங்கள் செயலியில் இதைச் சோதிப்பது லேசு: வேறெங்கும் வர வாய்ப்பில்லாத ஒரு சொல்லைக் கடவுச்சொல்லாக வைத்துப் பதிவு செய்யுங்கள், நுழையுங்கள், வேண்டுமென்றே ஒரு பிழையையும் வரவழையுங்கள். பிறகு சர்வரின் எல்லா லாக் கோப்புகளிலும், பிழை அறிவிக்கும் கருவியிலும், டேட்டாபேஸ் நகலிலும் அந்தச் சொல்லைத் தேடுங்கள். ஓர் இடத்தில்கூடக் கிடைக்கக் கூடாது.